முதல் கியரில் சண்முகக்கனி

வெயில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற ஊர்கள் கரிசக்காட்டில் எத்தனையோ உண்டு, அவற்றில் வெயிலுகந்தபுரம் என்ற ஊரில், பெயரில் உலகத்தையே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைத் தாண்ட முடியாமல் ஒருத்தி இருந்தாள். உலகம்மாள் என்று பெயர். சுற்றுப்பட்டிக் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வது தொழில். கடைவீதியில் இருந்த அவளுடைய கடைக்கு போர்டு எழுத வந்தவன், “ஒங்க பேரையே இங்கிலீஸ்ல போட்டுருவோமாக்கா, கெத்தா இருக்கும்” என்று கேட்டு ‘வேர்ல்டு பியூட்டி பார்லர்’ என்று எழுதிவிட்டுப் போனதிலிருந்து, தபால்காரர் அவளை வேர்ல்டக்கா என்றுதான் கூப்பிட்டார்.

போன வைகாசியில் அவளுக்கு ஒரு சறுக்கல். முகூர்த்தத்துக்குப் போன மினிபஸ் ரயில்வே கேட்டில் படுத்துக்கொண்டது. அவள் பெட்டியைத் தலையில் வைத்து ஓடி மண்டபத்தில் நுழையும்போது நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு ஐயரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கண்ணுக்கு மையும் வலது கன்னத்துக்குப் பூச்சும் முடிந்து இடது பக்கம் திரும்புவதற்குள் தாலி ஏறிவிட்டது. போட்டோகிராபர் விவரமான ஆள், ஆல்பம் முழுக்க வலது பக்கமாகவே எடுத்துத் தள்ளிவிட்டார். அந்த ஆல்பம் உலகம்மாளைவிட அதிகமாக ஊர் சுற்றியது. “மருமகளுக்கு இந்தப் பக்கம் கன்னம் உண்டுமா, இல்ல, கட்டிக்கிட்டு வந்த பெறகுதான் மொளச்சுதா” என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டதாகப் பேச்சு. அதோடு அழைப்புகள் ஒன்றொன்றாக உதிர்ந்து, ஆவணியில் எட்டாங்கரை சுபிக்‌ஷா கல்யாணம் ஒன்றுதான் மிச்சம் நின்றது. அதுவும் கோணிக்கொண்டால் சீப்பையும் கண்ணாடியையும் மூட்டை கட்டிவிட்டு தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகவேண்டியதுதான். எட்டாங்கரைக்கோ பஸ் என்பது வதந்தி.

அதனால்தான் அவள் கார் வாங்கத் துணிந்தாள். கார் ஓட்டுவதை, மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்த புருஷன் கருத்தப்பாண்டியின் சிநேகிதர்கள் உதவியால் என்றைக்கோ கற்று வைத்திருந்தாள்.

புரோக்கர் ஜெபஸ்டின் கொண்டு வந்து நிறுத்திய கார், புளித்த மோர் நிறத்தில் இருந்தது. விலையைக் கேட்டால் எருமை வாங்கப் போனவன்கூட யோசிப்பான், அவ்வளவு மலிவு. ஜெபஸ்டின் மூச்சு விடுவதைப் பேசி முடித்த பிறகு தனியாக வைத்துக்கொள்கிற ஜாதி. புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரையும் காருக்குள் உட்காரவைத்துக்கொண்டு ஆரம்பித்தான். “ஒரே ஓனர்க்கா. டாக்டரம்மா வண்டிக்கா. வீடு, ஆஸ்பத்திரி, ஞாயித்துக்கெழம கோயில், அவ்வளவுதான்க்கா ஓடிருக்கு. சீட்டப் பாருங்கக்கா, யாரும் ஒக்காந்த மாதிரியா இருக்கு?”

“டைமிங் பெல்ட்டு மாத்தியாச்சா?” என்றான் கருத்தப்பாண்டி. மினிபஸ் டிரைவர் சொல்லிக்கொடுத்த கேள்வி. பெல்ட் எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் முகத்தைத் தெரிந்த மாதிரி வைத்துக்கொண்டான்.

“மாத்தியாச்சுக்கா” என்றான் ஜெபஸ்டின், உலகம்மாளைப் பார்த்து.

“பில்லு?”

“டாக்டரம்மா வீட்டு நாயி கடிச்சுப்போட்டுக்கா.”

மெக்கானிக் தாசையா அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டியதற்கு, அவர் பானெட்டைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து, “இன்ஜினுக்குள்ள பிஸ்டன் ஏறுது எறங்குது, வால்வு தொறக்குது மூடுது, ரெண்டும் ஒண்ணோடொண்ணு முட்டிக்கிடாம இந்த பெல்ட்டுதான் தாளம் போட்டுக் குடுக்கும் தங்கச்சி. ஓடுத ஓட்டத்துல அறுந்துச்சு, வச்சுக்கோ, மோதி, வளைஞ்சு, இன்ஜினைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்” என்றார். “இவன் மாத்தியிருந்தா மகராசன். மாத்தலைன்னா இவனும் ஓடிருவான், வண்டி நின்னுரும்.”

ஆனாலும் அந்த விலைக்கு வேறு எதுவும் கிடைக்காது. உலகம்மாள் வாங்கினாள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சாவியைத் திருப்பினாள். அப்போதுதான் இன்ஜின் சத்தத்துக்குப் பதிலாக, பானெட்டுக்குள்ளிருந்து ஜெபஸ்டினின் குரல் வந்தது. “ஒரே ஓனர்க்கா ஒரே ஓனர்க்கா ஒரே ஓனர்க்கா” என்று சீராக, புகை கக்காமல், எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் நகர்ந்தது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜெபஸ்டின் தன் குரல் தெருவில் போவதைப் பார்த்தான். கிளாஸை வைத்தான். வந்த பஸ்ஸில் ஏறினான். அது எந்த ஊர் பஸ் என்று பார்க்கவில்லை.

இதை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “கமிஷன் பத்தலைன்னு உள்ளயே ஒக்காந்துட்டான் போல” என்றார் டீக்கடைக்காரர், அடுத்த டீயை ஆற்றிக்கொண்டே. வெயிலுகந்தபுரத்தில் வேப்பமரத்தில் பால் வடிந்திருக்கிறது, ரேஷன் கடையில் ஒருமுறை சரியான எடையில் அரிசி போட்டிருக்கிறார்கள். கார் பேசுவது மூன்றாவது.

நாள் போகப்போக அதன் குணம் பிடிபட்டது. காருக்குள் யார் அதிகம் பேசுகிறார்களோ அவர் குரலை அது எடுத்துக்கொள்ளும். ஒரு கியருக்கு ஒரு குரல், அந்தக் கியரில் ஓடும்போது யார் வாய் ஓயவில்லையோ அவர் குரல். புதிதாக ஒருவர் வந்து அவரைவிட அதிகம் பேசினால் பழைய குரல் இடத்தைக் காலி பண்ணிவிட்டுப் போகும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்காது. உள்ளே பேசியதைத்தான் பேசும். இவ்வளவும் தெரிந்ததும், மார்க்கெட்டுக்கு ஒரு எட்டு, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு என்று சொல்லிக்கொண்டு ஊரே உலகம்மாள் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாயைத் திறந்தது.

முதல் கியரைப் பிடித்தது பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி. மூன்று தெருவுக்குக் கேட்கிற தொண்டை, அதைக் காதுகொடுத்துக் கேட்க வீட்டில் ஆளில்லாத குறை. ஒரே நாள் சவாரியில் ஜெபஸ்டினை முதல் கியரிலிருந்து தூக்கியெறிந்தாள். இரண்டாவது கியர் கருத்தப்பாண்டிக்குப் போனது. வீட்டில் அவன் அதிகம் பேசமாட்டான், ஆனால் சக்கரம் உருண்டால் வாய் தானாகக் கண்டக்டராகிவிடும். மூன்றாவது கியர் பால்காரர் பூல்பாண்டி. நாலாவது கியர் போட ஊருக்குள் ரோடு ஏது. அது நான்குவழிச் சாலைக்குப் போனால்தான் விழும் என்பதால் அங்கே மட்டும் ஜெபஸ்டின் யாரும் விரட்டாமல் தங்கிவிட்டான்.

ரிவர்ஸை யாரும் விரும்பவில்லை. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அருணாசலம் சார் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, அவர் வீட்டுக் குறுகலான முடுக்கிலிருந்து காரைப் பின்னாலேயே எடுக்க வேண்டியிருந்தது, முடுக்கு முடிகிறவரைக்கும் சார் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார், ரிவர்ஸ் அவர் தலையில் விடிந்தது. இரண்டு நாள் வெளியே வரவில்லை. பிறகு, “முன்னால போறவனுக்கு எதுக்குய்யா வாத்தியார்? பின்னால போறவனுக்குத்தான் வேணும்” என்று ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தார்.

ஆக, காலையில் கார் கிளம்பினால் தெருவில் இப்படிக் கேட்கும்: “கவனம், கவனம், எதையும் பார்க்காமல் எழுதாதே, திரும்பிப் பார், நல்லா திரும்பிப் பார்” என்று சார் பின்னால் வர, ஒரு சின்ன மௌனம், கியர் மாறும், “ஏட்டி, நேத்து சாம்பார்ல உப்புப் போட்டியா, இல்ல, உப்புல சாம்பார் போட்டியா, நான் கேக்கக்கூடாது, கேட்டா மாமியாக் கொடும” என்று சண்முகக்கனி பிள்ளையார் கோயில் வரைக்கும் இழுக்க, “உள்ள போ உள்ள போ, நடுவுல நந்தவனமாக் கெடக்கு, படியில நிக்காத” என்று கருத்தப்பாண்டி பஜாரைத் தாண்ட, கம்மாய்க்கரைச் சாலையில் காற்று முகத்தில் அடிக்கும்போது, “தண்ணி கலக்கல தாயி, எம்பிள்ள மேல சத்தியமாக் கலக்கல, மாடு குடிச்ச தண்ணிக்கு நான் பொறுப்பா” என்று பூல்பாண்டி காற்றோடு காற்றாகப் போவார். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு நேரம் பார்த்தன. ஆடுகள் கருத்தப்பாண்டிக்கு ஒதுங்கின, மாடுகள் பூல்பாண்டிக்கு ஒதுங்கின. புகைச் சான்றிதழ் கொடுக்கிறவர் குழாயை விட்டுப் பார்த்து, “புகை இல்ல. பேச்சு இருக்கு, ஆனா கெட்ட வார்த்தை இல்ல” என்று பாஸ் பண்ணி அனுப்பினார்.

சண்முகக்கனிதான் ஆளே மாறிப்போனாள். “வீட்டுல நான் வாயத் தொறந்தா டிவி சத்தத்தக் கூட்டுதாவ. பெத்தவன் திருப்பூர்ல இருந்து போன் பண்ணுதான், ‘அம்மா அப்புறம் பேசுதேன்’ங்கதுக்குத்தான் பண்ணுதான். இந்தக் காரு பேசினா தெருவே நின்னு கேக்குல்லா” என்று எல்லோரிடமும் சொன்னாள். காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு, கார் கிளம்புகிறவரைக்கும் உள்ளே போகாமல், தன் குரல் தெருமுனை திரும்புகிறதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

உலகம்மாளுக்கும் சந்தோஷம்தான். ஒரே ஒரு இடத்தில்தான் பயம். நான்குவழிச் சாலையில் ஏறி நாலாவது கியரைப் போட்டதும், “பெல்ட்டு மாத்தியாச்சுக்கா, மாத்தியாச்சுக்கா, மாத்தியாச்சுக்கா” என்று ஜெபஸ்டின் வேகத்துக்கு வேகம் சத்தியம் பண்ண ஆரம்பிப்பான். எட்டாங்கரைக்குப் போகிற வழி முக்கால்வாசி அந்தச் சாலைதான். நடுவழியில் அறுந்தால், பெண் அழைப்புக்கு உட்கார்ந்திருக்கிற சுபிக்‌ஷா உட்கார்ந்தபடியே இருப்பாள், இவள் லாரிகளுக்கு நடுவே பெட்டியோடு நிற்பாள். ஆவணி நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தாசையாவிடம் போனாள். அவருக்கு ஒரு வைத்தியமுறை உண்டு: நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார், எந்த இடத்தில் தேய்மானம், எது ஆடுகிறது எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும் என்பார். இந்தக் காரில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். சிரித்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“சண்முகக்கனி மருமவ குழம்பு சட்டியக் கருக்கிட்டாளாம்.”

“பெல்ட்டு?”

“இன்ஜின் பேசினால்லா நான் வைத்தியன். ஊரு பேசுது, நான் என்னத்தக் கண்டேன். பெல்ட்டு மூடியக் கழத்திப் பாத்துரலாம், அது அரை நாள் வேலைதான். ஆனா நான் கழத்தி, குரலு போயிருச்சுன்னா?” அவர் ஸ்குரூடிரைவரைத் துடைத்தார். “இந்த ஊருல எனக்கு டீ கெடைக்காது தங்கச்சி.”

செய்தி பரவியது. கார் மூடியைக் கழற்றலாமா கூடாதா என்று ஊர் கூடியது. கூடிய ஊர் தனக்குள் பேசி முடிவுக்கு வரமுடியாத எல்லா விஷயத்திலும் செய்வதையே இதிலும் செய்தது: வெயிலுகந்தம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடுவது. ஒரு பொட்டலத்தில் வெள்ளை மல்லிகை, ஒன்றில் செவ்வரளி. அம்மன் காலடியில் போட்டு ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் கழற்றலாம், சிவப்பு வந்தால் தொடக்கூடாது. பூ வாங்கிப் பொட்டலம் கட்டுகிற பொறுப்பைச் சண்முகக்கனியும், சாட்சிக்கு அருணாசலம் சாரும் ஏற்றுக்கொண்டார்கள். உலகம்மாளே பூ மார்க்கெட்டுக்குக் காரில் கூட்டிப்போய், கூட்டிவந்தாள். வழியில் கொண்டை ஊசி வாங்க இறங்கி, கொஞ்ச நேரம் கடையில் நின்றாள், அவ்வளவுதான்.

பூசாரி பேத்தி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் சிவப்பு வந்தது. சனம் குலவை போட்டது. உலகம்மாள் அம்மன் முகத்தைப் பார்த்தாள்; ஆத்தா சொன்னால் சரிதான் என்று திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். அன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறும்போது கம்மாய்க்கரை மேட்டில் கார் ஏறிக்கொண்டிருந்தது. முதல் கியர். குழம்பு, சாம்பார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சண்முகக்கனி குரல் கொஞ்சம் தணிந்து, “ரெண்டு பொட்டலத்துலயும் அரளியவே வையும் சார்” என்றது.

உலகம்மாள் பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது, குரலும் நின்றது. எதிரே ஆட்டுக்கூட்டம் வந்ததால் கொஞ்சம் பின்னால் எடுத்தாள்.

“தெய்வகுத்தம் ஆகாதா?” என்றது ரிவர்ஸ்.

முன்னால் எடுத்தாள்.

“ஆத்தாளுக்கு யோசன மிச்சம் சார். அவளும் எத்தன பேருக்குத்தான் முடிவு சொல்லுவா.”

பின்னால் எடுத்தாள்.

“ஒண்ணுலயாவது ரெண்டு மல்லிகை போடுவோம். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்லையா.”

முன்னால்.

“அதையும் ரிவர்ஸ்லயே வச்சுக்கிடும். கட்டும் வெரசா, அவ ஊசி வாங்கிட்டு வந்துருவா.”

பின்னால்.

“நூல் எங்கே?”

ஆடு மேய்க்கிறவர் கம்பை ஊன்றி நின்று, மேட்டில் ஒரு கார் முன்னாலும் பின்னாலுமாக ஆடுவதைப் பார்த்தார். “என்னம்மா, வண்டி பழகுதியளா?”

“இல்ல பெரியப்பா. கேக்கேன்.”

“கேளுங்க, கேளுங்க” என்று ஆடுகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு போனார்.

உலகம்மாளுக்குக் கோபம் வந்ததா என்றால், முதலில் சிரிப்புதான் வந்தது. நூல் எங்கே என்று கேட்ட குரலில் சாருக்கு இருந்த அவசரத்தை நினைத்து நினைத்துச் சிரித்தாள். பிறகு காரை நேராகத் தாசையா ஷெட்டுக்கு விட்டாள். முதல் கியரிலேயே விட்டாள். வழிநெடுகச் சண்முகக்கனி அரளியவே வையும், அரளியவே வையும் என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டு போனாள்.

“கழத்துங்க அண்ணாச்சி. ஆத்தா இன்னும் ஒண்ணும் சொல்லல.”

தாசையா மூடியைக் கழற்றும்போது ஊர் சுற்றி நின்றது. சண்முகக்கனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். சார் அவளுக்குப் பின்னால் நின்றார். கடைசி போல்ட் வந்தது. மூடி வந்தது. உள்ளே டைமிங் பெல்ட் இரண்டாக அறுந்து, பல் உதிர்ந்து, அடிபட்ட சாரைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. தாசையா எடுத்து வெயிலில் பிடித்தார். ஓரமெல்லாம் நாள்பட்ட தூசி.

“இது இன்னைக்கு அறுந்தது இல்ல. இந்த ஊருக்குள்ள வரும்போதே அறுந்துதான் வந்திருக்கு.” அவர் விரலை விட்டுத் தடவினார். “மோதின தடமே இல்ல. ஒரு வால்வு வளையல.”

“அப்போ இத்தனை நாள் எது ஓட்டுச்சு?” என்றார் சார்.

சண்முகக்கனி முந்தானையை எடுத்தாள். “நாமதான்” என்றாள்.

அது உண்மை என்று எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. சாம்பார், பால், மருமகள், உப்பு, சத்தியம் என்று வாய் ஓயாமல் பேசிய பேச்சுதான் உள்ளே தாளம் போட்டு, பிஸ்டனையும் வால்வையும் முட்டாமல் விலக்கி வைத்திருக்கிறது. பூல்பாண்டி நெஞ்சை நிமிர்த்தினார். கருத்தப்பாண்டி மீசையைத் தொட்டுக்கொண்டான்.

“பெறகென்ன,” என்றாள் சண்முகக்கனி, தைரியம் வந்து, “மூடும் அண்ணாச்சி. புதுசு எதுக்கு? நாங்க இருக்கோம்லா. ஏட்டி உலகு, ஒனக்கு என்ன பயம்? நாங்க பேசிக்கிட்டே இருப்போம், அது ஓடிக்கிட்டே இருக்கும்.”

உலகம்மாள் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“மைனி, போன வைகாசியில அந்த ஆல்பத்தப் பாத்துட்டு ஊரே பேசுச்சு. நீங்களும் பேசினீக. அன்னைக்கு என் பொழப்பு ஓடுச்சா, நின்னுச்சா?”

சண்முகக்கனி முந்தானையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

“நீங்க பேசினா ஓடுது. ஒங்களுக்குக் கோவம் வந்து பேசாம இருந்தா? இல்ல, வேற ஒண்ணப் பேச ஆரம்பிச்சா? எட்டாங்கரைப் பிள்ள ஒக்காந்திருப்பா மைனி.”

சண்முகக்கனி தாசையா கையிலிருந்து அறுந்த பெல்ட்டை வெடுக்கென்று பிடுங்கி, மஞ்சப்பையில் திணித்தாள். “கோயில்பட்டிக் கடையில இத அளவுக்குக் காட்டினாப் போதும்லா? எந்த பஸ்ஸு இப்பம்? நானே வாங்கியாரேன். ஆத்தாளுக்குச் செஞ்சதுக்கு இதாவது ஒரு பரிகாரமாப் போவட்டும். சாரே, நீரும் கெளம்பும், பொட்டலம் கட்டத் தெரிஞ்சுதுல்லா, பை தூக்கவும் தெரியும்.” தெருமுனை வரைக்கும் அவள் குரல் கேட்டது. காரிலிருந்து இல்லை, அவளிடமிருந்தே.

புது பெல்ட் ஏறியது. சாவியைத் திருப்பியதும் கார், எல்லாக் காரையும் போல, கர்ரென்றது. தாசையா ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்து, கண்ணை மூடி, “தையல் மிஷினு” என்றார். ஊர் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தது. பிறகு சீரியல் முடிந்த வீடு மாதிரி ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஆடுகள்தான் பாவம், பழக்கமில்லாமல் நடுரோட்டிலேயே நின்றன.

பெண் அழைப்பு அன்று மத்தியானமே உலகம்மாள் கிளம்பினாள். நான்குவழிச் சாலையில் நாலாவது கியரைப் போட்டாள். யாரும் சத்தியம் பண்ணவில்லை. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்க, ஜன்னலில் சூடான காற்று வர, கார் தன் பாட்டில் ஓடியது. பாதி வழியில்தான் அவளுக்குப் பசிக்கிறது என்று தெரிந்தது. ஓரமாக நிறுத்தி, கட்டிவந்த புளிச்சோறு முழுவதையும் சாப்பிட்டு, இலையை மடித்துப் போட்டு, மறுபடி ஓட்டினாள்.

எட்டாங்கரையில் மேளக்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம். ஆனால் வாசலில் சின்னதும் பெரிசுமாக ஒரு கூட்டம் காரைச் சுற்றி நின்று காதை வைத்துப் பார்த்தது. “பேசுத வண்டின்னாவ?” என்று பெண்ணின் அப்பாவே கேட்டார், ஏமாற்றப்பட்டவர் போல. உள்ளே சுபிக்‌ஷா, மூக்குத்தி எந்தப் பக்கம் குத்துவது என்று அம்மாவோடு போட்ட சண்டையில் அழுது, கண் இரண்டும் வீங்கி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கண்ணில் மை நிற்காது.

உலகம்மாள் பெட்டியைத் திறந்தாள். சீப்பை எடுத்தாள். ஜடை பிரித்துக்கொண்டே, இத்தனை நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவள், தொண்டையைச் செருமி, “இது மொதக் கியரு” என்று சொல்லி, “ஏட்டி, நேத்து சாம்பார்ல உப்புப் போட்டியா, இல்ல, உப்புல சாம்பார் போட்டியா” என்றாள். சண்முகக்கனி அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டாள். சுபிக்‌ஷா திரும்பிப் பார்த்தாள். “உள்ள போ உள்ள போ, நடுவுல நந்தவனமாக் கெடக்கு” என்று ரெண்டாவது கியரில் புருஷனைக் கொண்டுவந்தாள். மாட்டுக்குத் தான் பொறுப்பில்லை என்று பூல்பாண்டியைக் கொண்டுவந்தாள். நூல் எங்கே, நூல் எங்கே என்று சாரைப் பின்னாலேயே நடக்கவிட்டாள். பெண்ணின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுபிக்‌ஷா சிரித்த சிரிப்பில் கண்ணில் மறுபடி தண்ணீர் வந்தது, ஆனால் இது வீங்காத தண்ணீர். துடைத்தால் முகம் பளிச்சென்று ஆனது.

“எல்லாருக்கும் ஒரு கியர் இருக்கு,” என்றாள் சுபிக்‌ஷா, மூச்சு வாங்கி. “ஒங்களுக்கு எந்தக் கியருக்கா?”

“எனக்கு எதுக்குட்டி கியரு? நான் ஓட்டுதவ” என்றாள் உலகம்மாள். “மேல பாரு. ஆடாத.”